செல்போன் இருக்கே, ஹாம் எதற்கு?

புத்தூர் நால்ரோட்டில் நண்பர்கள் கேலி செய்கிறார்கள்: "செல்போனே இருக்குமிடம் காட்டுதே சார், ஹாம் ரேடியோ எதற்கு?" காட்டும் ஐயா, உமக்கு! டவர் படுத்துவிட்டால் அடுத்தவருக்கு யார் சொல்வது?

அமெரிக்கர் பாப் புருனிங்கா உருவாக்கிய ஏ.பி.ஆர்.எஸ். முறையில், ரேடியோவே தன் அழைப்புக்குறியையும் அட்சரேகை, தீர்க்கரேகையையும் அடிக்கடி அனுப்பும். நிலையத்துக்கு நிலையம் தாவும். தலைக்கு மேல் வரும்போது சர்வதேச விண்வெளி நிலையம்கூட 145.825 மெகாஹெர்ட்ஸில் வாங்கித் திருப்பி அனுப்பும். (பிரெஞ்சில் ஒரு காலத்தில் ரேடியோவுக்கு 'கம்பியில்லாத் தந்தி' என்றே பெயர். செல்போன் டவருக்குப் பின்னால் பல இடங்களில் கம்பிதானே!)

2004 சுனாமியில் அந்தமானிலிருந்து செய்தி சொன்னவர் ஹாம் பாரதி பிரசாத். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் மீட்புப் படகு எங்கே நிற்கிறதென்று கரையிலிருப்பவருக்குத் தெரிய வேண்டாமா? படகுக்கு ஒரு கருவி, உரிமம் பெற்ற ஒரு ஹாம். ஆட்சியருக்கு மனு எழுதிவிட்டேன், நீங்களும் எழுதுங்கள்.