அலுமினியப் பிடிக்கு ஒரு வக்காலத்து

மடக்குக்கத்தியின் பிடி எதனால் ஆனதாக இருக்க வேண்டும் என்று நம் இலக்கிய அன்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். மான்கொம்பு என்பார்கள். அது கிடைக்காவிடில் கருங்காலி. அதுவும் இல்லையெனில் பித்தளை. அலுமினியம் என்று சொன்ன மாத்திரத்தில் அபசுரம் கேட்டதுபோல் முகம் சுளிப்பார்கள். கிராமத்து வாழ்வை எழுதப் புகுந்தால் தாத்தாவின் இடுப்பில் கொம்புப்பிடிக் கத்தியைச் செருகிவிடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. அலுமினியப் பிடி வைத்திருந்த தாத்தாக்களுக்குப் பேரன்களே பிறக்கவில்லை போலும்! இதை ரசனை என்று ஏற்க நமக்கு மனமில்லை. பாதி அறியாமை, மீதி மேட்டிமை.

வாதத்தை அந்தரத்தில் நிறுத்தாமல் ஓர் ஊரில் இறக்கி வைப்போம். இராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது தேவதானம். (தென்பாண்டிப் பஞ்சபூதத் தலங்களுள் அவ்வூர் ஆகாயத்துக்கு உரியது என்பது வேறு விஷயம்.) நெல்லும் தென்னையும் மாவும் சூழ்ந்த பகுதி. இத்தகைய ஊரில் மடக்குக்கத்தி அலங்காரப் பொருள் அன்று. சாக்குத் தையல் பிரிக்கவும், கயிறு அறுக்கவும், மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டவும், வரப்பில் அமர்ந்து ஒரு காயை நறுக்கவும் வேண்டியிருக்கிறது. வேட்டிக்குள் இருக்கும் பட்டாப்பட்டி டவுசரின் பையில் நாள் முழுதும் கிடக்கிறது. வியர்வையும் மாம்பாலும் சேறும் படாத நாளில்லை. பிடியின் தகுதியை இங்கே வைத்துத்தான் அளக்க வேண்டும். கண்ணாடிப் பேழைக்குள் வைத்து அன்று.

முதலில் கொம்பு. ஷெஃபீல்டு, ஸோலிங்கன் முதலிய கத்தி நகரங்கள் நெடுங்காலம் விரும்பி வாங்கியது நம் நாட்டு மிளாவின் கொம்பைத்தான். தேவதானத்துக்கு மேற்கே எழும் காடும் மிளா உலவும் காடே. 1988இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாகவும், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட வனத்தொடர் அது. 'உதிர்ந்த கொம்பைத்தானே பொறுக்குகிறோம், மானையா கொல்கிறோம்?' என்பது பழைய சமாதானம். மிளா கொம்புதிர்த்து மீண்டும் வளர்ப்பது மெய்தான். ஆனால் உதிர்ந்த கொம்பும், கொன்று அறுத்த கொம்பும் பிடியாகச் சீவப்பட்ட பிறகு ஒன்றுபோலவே இருக்கின்றன. எனவேதான் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கொம்பு வணிகத்துக்கு இடந்தரவில்லை. 1998இல் உதிர்ந்த கொம்பின் ஏற்றுமதியும் நிறுத்தப்பட்டது. வழக்கு என்று வந்தால் அகப்படுபவர் யார்? கொம்புப்பிடியின் வனப்பைப் பாடியவர் அல்லர். விறகுக்கோ தேனுக்கோ காடேறி, கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு இறங்கியவர்தாம். இந்தக் கணக்கைச் சேர்க்காமல் ஒரு பிடியின் அழகைப் பேசுவது நேர்மையாகாது.

இனி அலுமினியத்தின் மீதான இகழ்ச்சி. தென்மாவட்டங்களில் அலுமினியப் பானையை ஈயப்பானை என்போரே மிகுதி. ஈயத்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இருந்தும் சொந்தப் பெயர்கூடத் தரப்படாமல், 'ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்ற கூவலுக்குள் அடங்கிப்போயிற்று. 1964இல் வந்த மூன்று பைசா நாணயம் கையில் கனக்காததாலேயே காசாக மதிக்கப்படவில்லை. இவையெல்லாம் சிறு குறும்புகள். தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை வழக்கத்தில், தலித் மக்களுக்கென ஒதுக்கி வைக்கப்பட்டது பல இடங்களில் அலுமினியக் குவளை. அதை மறந்துவிட்டு உலோகங்களின் தராதரம் பற்றி ரசனையின் பெயரால் தீர்ப்புச் சொல்வது எளிது. 1898 வாக்கில் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்தது, செம்புக்கும் பித்தளைக்கும் மாற்றாக ஒன்று வேண்டும் என்றுதான். எளியவர் வீட்டுக்குள் நுழைந்த பாவத்தை அந்த உலோகம் இன்னும் சுமக்கிறது.

குணத்தைப் பார்ப்போம். பிடியின் இரு பக்கத் தகடுகளும் சேர்ந்து 10 கன சென்டிமீட்டர் என்று கொள்க. அலுமினியத்தில் அது 27 கிராம், எஃகில் 78, பித்தளையில் ஏறத்தாழ 85. டவுசர் பையில் நாள் முழுதும் சுமப்பவருக்கு இந்த வேறுபாடு விளங்கும். மரம்போல் மழையில் ஊதி அலகைக் கவ்வாது. பித்தளைபோல் களிம்பேறாது. மென்மையான உலோகம் ஆயிற்றே, கீறல் விழுமே என்பீர்கள். விழும், வெற்று அலுமினியமாக விட்டால். கந்தக அமிலக் கரைசலில் இட்டு மின்சாரம் செலுத்தினால் அதன் மேற்பரப்பே ஆக்சைடு படலமாக மாறுகிறது. ஆனோடைசிங் என்பது இதுதான். குருந்தக் கல்லும் வேதியியலில் இதே அலுமினிய ஆக்சைடுதான். படலத்தின் கடினத்துக்கு வேறு சான்று வேண்டுமா? தேவதானத்துச் சிவனுக்கு நச்சாடை தவிர்த்த லிங்கம் என்று பெயர். சோழன் அனுப்பிய நஞ்சூட்டிய ஆடையிலிருந்து பாண்டியனைக் காத்ததாகத் தலபுராணம். அலுமினியத்தின் வழக்கிலும் குற்றம் உடலில் இல்லை, ஆடையில் இருக்கிறது. 1961 முதல் 2008 வரை சுவிஸ் இராணுவம் தன் சிப்பாய்களுக்கு வழங்கிய மடக்குக்கத்தி இப்படி ஆடை உடுத்திய, வழுக்காதபடி புள்ளி பொறிக்கப்பட்ட அலுமினியப் பிடியோடுதான் வந்தது. (அதன்பின் வந்தது நைலான் வகைப் பிடி என்பதையும் மறைக்கவில்லை.)

'அலுமினியம் கையில் சில்லென்று உறுத்தும்' என்பது இன்னொரு குற்றச்சாட்டு. பனி கொட்டும் தேசத்தார் சொன்ன குறையை அப்படியே கடன் வாங்கி இராஜபாளையத்து வெயிலில் நின்று ஒப்பிப்பவர்களை என்ன செய்வது? நம் ஊரில் சங்கடம் நேர்மாறானது: சித்திரை வெயிலில் வரப்பில் கிடந்த பிடி சுடும். நிழலில் வைத்தால் விரைவில் ஆறியும் விடும்.

மேட்டூரில் 1960இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் அலுமினியம் கம்பெனிக்காக ஏற்காடும் கொல்லிமலையும் தோண்டப்பட்டதைச் சுட்டிக்காட்டி, மானைக் காக்க மலையை வெட்டலாமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி, முகச்சுளிப்பாளர்கள் இதைக் கேட்காமல் பளபளப்பைப் பற்றி மட்டும் பேசுவதுதான் வியப்பு. தாதுவிலிருந்து ஒரு கிலோ அலுமினியம் எடுக்க 13 முதல் 15 யூனிட் மின்சாரம் வேண்டும். பழைய பானையை உருக்கி எடுக்க அந்த மொத்த ஆற்றலில் 5 விழுக்காடு அளவே போதும். முப்பது கிராம் பிடிக்குப் புது மலை வேண்டியதில்லை. பேரீச்சம்பழக்காரரின் சாக்கே போதும்.

நம் உண்மையான சண்டை வேறிடத்தில். வார்த்தெடுத்த அலுமினியத்தை அரத்தால் ஒருமுறை இழுத்து, மேற்பூச்சு ஏதுமின்றிச் சந்தையில் தள்ளும் பட்டறைகளோடு. உள்ளங்கையில் கருமை அப்பும் அந்தப் பிடிகளே இவ்வுலோகத்துக்குக் கெட்ட பெயர் தேடித் தந்தன. அடுத்த முறை கத்தி வாங்கும்போது பிடியை வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் வியர்வை உப்பைக் கழுவித் துடைத்து, எஃகு ஆணி அலுமினியத்தைத் தொடும் மூட்டில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். வெற்றிலை போடுபவர் சுண்ணாம்புக் கையால் பிடியைத் தொட வேண்டாம். சுண்ணாம்பின் காரம் அந்தப் படலத்தையும் தின்றுவிடும்.