மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீங்க!

திருத்தணி முருகனைப் பார்க்க 365 படி ஏறணும். பாதி வழியிலேயே 'புஸ்... புஸ்...' என்று மூச்சு வாங்குகிறதா? தசைகளில் சேருகிற கரியமில வாயுவை ரத்தம் சுமந்துவந்து நுரையீரலில் விட வேண்டுமே! அந்த வேலையை விரைவாக்குவது, சிவப்பணுக்களில் உள்ள 'கார்பானிக் அன்ஹைட்ரேஸ்' என்ற என்சைம். அதன் ஒரு மூலக்கூறு, விநாடிக்குச் சுமார் 10 லட்சம் கரியமில வாயு மூலக்கூறுகளைக் கையாளும்! அதன் நடுவில் உட்கார்ந்து வேலை பார்ப்பது ஒரே ஒரு துத்தநாக அயனி. மருந்துக்கடையில் 'ஜிங்க்' என்கிறார்களே, அதேதான்.

துத்தநாகத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. என்சைம் என்பது நீளமான புரதச் சங்கிலி. சரியாக மடிந்து, சுருண்டு நின்றால்தான் அது வேலை செய்யும். கூந்தலைச் சுருட்டிக் கொண்டை போட்டு ஊசி செருகுகிறீர்கள் அல்லவா? சில என்சைம்களுக்குத் துத்தநாகம்தான் அந்தக் கொண்டை ஊசி. கல்லீரலில் மதுவை முறிக்கும் என்சைமின் ஒவ்வொரு பாகத்திலும் இரண்டு துத்தநாக அயனிகள். ஒன்று வேலை பார்க்க, மற்றது வடிவத்தைக் கட்டிக் காக்க!

இது குறைந்தால் மனிதனின் வளர்ச்சியே நின்றுபோகும் என்று 1960களில் எடுத்துக் காட்டியவர், பீகாரில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத்.

சரி, நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்குப் போய்வந்த குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. தண்ணீரோடும் உப்போடும் துத்தநாகமும் வெளியேறுகிறது. உடம்பில் அதற்கென்று பெரிய சேமிப்பு கிடையாது. அதனால்தான் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ்.ஸோடு ஜிங்க் மாத்திரையும் தரச் சொல்லி, 2004-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் அறிவித்தன. நம் அரசுத் திட்டப்படி 2 முதல் 6 மாதக் குழந்தைக்குத் தினம் 10 மில்லிகிராம். அதற்கு மேல் 5 வயது வரை 20 மில்லிகிராம். மொத்தம் 14 நாள்.

இங்கேதான் நம்மவர்கள் தவறுகிறார்கள். மூன்றாம் நாள் போக்கு நின்றதும், "அதான் சரியாப் போச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று அட்டையை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். போக்கு நின்றுவிட்டது, இழப்பு ஈடாகவில்லையே! குடலின் உட்சுவர் தேறவும், அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் மறுபடி போக்கு வராமல் காக்கவும்தான் மீதி நாட்கள்.

கொரோனா சமயத்தில் பெரியவர்கள் ஆளாளுக்கு ஜிங்க் வாங்கி விழுங்கினார்கள். உண்மையில் தேவைப்படுகிற குழந்தைக்கு 14 நாள் கொடுக்க மட்டும் ஏன் இந்தச் சோம்பல்? அதற்காக நீங்களாக மாதக்கணக்கில் கொடுத்துக்கொண்டே போகாதீர்கள். துத்தநாகம் மிஞ்சினால், உடம்பில் தாமிரம் சேராமல் ரத்தசோகை வரலாம்.

மலத்தில் ரத்தம், சிறுநீர் குறைவு, குழந்தை துவண்டுபோதல்... இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். மற்றபடி, மாத்திரை தொடங்கிய அன்றே காலண்டரில் 14-ஆம் நாளைச் சுழித்து வையுங்கள். அதுவரை ஒரு நாளும் தப்பக்கூடாது, சரியா?