ஜட்காவும் ஏக்கமும்

ஒற்றைக் குதிரை பூட்டிய இரட்டைச் சக்கர ஜட்கா, ஆட்டோவும் டவுன் பஸ்ஸும் பெருகும்வரை தமிழ்நாட்டு ஊர்களில் ரயிலடிக்கும் வீட்டுக்கும் இடையே ஓடிய வாகனம். வளைந்த கூரை, பின்புறம் ஏற ஓர் இரும்புப் படி, உள்ளே புல் பரப்பி மேலே கோணியோ ஜமக்காளமோ விரித்த தளம். இருக்கை கிடையாது, காலை மடக்கித்தான் உட்கார வேண்டும். பின்பாரம் கூடினால் ஏர்க்கால் மேலே எழும்பி, வயிற்றுவார் குதிரையை இறுக்கும். "முன்னால தள்ளி உக்காருங்க" என்று வண்டிக்காரர் ஓயாமல் சொன்னது அதனால்தான். பழைய நாட்களுக்கு ஏங்குகிறவர்கள் குளம்படிச் சத்தத்தையும் கழுத்துமணியையும் மறப்பதில்லை. தார் ரோட்டில் தேய்ந்த லாடமும், சேணம் உரசிய புண்ணும், ஸ்டாண்டில் ஈ மொய்த்த லத்தியும் மட்டும் எப்படியோ மறந்துவிடுகின்றன. மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1965இல் வந்த மத்திய அரசின் விதிகள், இழுவை விலங்குகளை நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றன. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் பகுதிகளில் நண்பகல் 12 முதல் 3 மணிவரை ஓட்டவே கூடாது என்றன. (சித்திரை வெயிலில் இதை யார் பார்த்தார்கள் என்பது வேறு கதை.) ஏக்கத்தில் நியாயமும் உண்டு: லாடம் அடிப்பவர், சேணம் தைப்பவர், புல்லுக்கட்டு விற்கும் பெண்கள் என ஒரு குதிரையை நம்பிப் பல அடுப்புகள் எரிந்தன. ஆனால் சவாரி கிடைக்காத நாளிலும் குதிரைக்குக் கொள்ளு வேண்டும். நிறுத்திவைத்த ஆட்டோ பெட்ரோல் கேட்பதில்லை. பழநி போன்ற கோயில் ஊர்களில் ஜட்கா கூடுதல் காலம் தாக்குப்பிடித்ததற்கு யாத்ரீகர் கூட்டமே காரணம்.