சனிவார் வாடாவும் நம் விருந்தினரும்

ஊரிலிருந்து உறவினர் வந்திறங்கியதும், "சனிவார் வாடாவுக்கு என்று போகிறோம்?" என்பதே புனேயில் நம் இல்லங்களில் எழும் முதற் கேள்வி. 2015இல் வெளியான 'பாஜிராவ் மஸ்தானி' படத்தைக் கண்டவர்கள் கண்ணாடி மண்டபத்தையும் சரவிளக்குகளையும் மனத்திற் கொண்டே வருகின்றனர். தில்லி வாயிலைக் கடந்தால் காண்பதோ புல்தரையும், மேடைகளாய்க் கிடக்கும் அடித்தளங்களுமே. "மாளிகை எங்கே?" என்று வயது முதிர்ந்த அத்தை வினவும்போது, அழைத்துச் சென்ற நமக்கன்றோ முகம் வாடுகின்றது!

மாளிகை இல்லை என்பதை வீட்டிலேயே சொல்லிவிடுதல் நலம். முதலாம் பாஜிராவ் 1730இல் அடிக்கல் நாட்டி, 1732இல் குடிபுகுந்த இக்கட்டடத்திற்கு ஆன செலவு 16,110 ரூபாய் என்பர். கல்மாளிகை எழுப்பும் உரிமை சத்ரபதிக்கே உண்டென்று சாத்தாராவிலிருந்து தடை வந்தமையால், அடித்தளத்திற்கு மேல் செங்கல்லும் மரமும் கொண்டு கட்டினர் என்று ஒரு வழக்கு உண்டு. பேஷ்வா ஆட்சி 1818இல் முடிந்தது. 1828 பிப்ரவரி 27இல் பற்றிய தீ ஒரு வாரம் எரிந்து மாளிகையை விழுங்கியது. கருங்கற் கோயில்களையே கண்டு பழகிய நம்மவருக்கு, ஓர் அரண்மனை சாம்பலாய்ப் போனதென்பது எளிதில் மனத்திற் படுவதில்லை.

ஆகவே நாம் கைக்கொள்ளும் முறை ஒன்றுண்டு. முதலில் இரண்டாம் பாஜிராவ் வாழ்ந்த விஷ்ராம்பாக் வாடாவைக் காட்டுவோம். அங்குள்ள தேக்குத் தூண்களையும் செதுக்கு வேலையையும் கண்டபின், சனிவார் வாடாவின் வெற்றிடத்தில் என்ன நின்றது என்பதைக் கண் தானே நிரப்பிக்கொள்ளும். மஸ்தானியைத் தேடி வருவோர் ராஜா தின்கர் கேல்கர் அருங்காட்சியகத்திற்குச் செல்லட்டும்; கோத்ரூடில் இருந்த அவளது மஹாலின் பகுதிகளை அங்கே அமைத்துள்ளனர். (அத்தைக்கோ அங்குள்ள பாக்குவெட்டிகளே போதும்.)

வாடாவிலும் காணத்தக்கன உண்டு. யானைகள் முட்டித் தகர்க்காவண்ணம் இரும்பு முட்கள் பதித்த கதவுகளும், பதினாறிதழ்த் தாமரையாய் அமைந்த நீரூற்றும் நின்று பார்க்கத்தக்கவை. பதினெட்டே வயதான நாராயணராவ் பேஷ்வாவைக் காவலர்களே 1773 ஆகஸ்டு 30இல் கொன்றது இங்கேதான். பௌர்ணமி இரவில் சிற்றப்பனைக் கூவியழைக்கும் அவன் குரல் கேட்குமென்னும் கதையை நாம் நம்புவதில்லை. ஆயினும் சிறுவர்க்குச் சொல்லத் தவறுவதுமில்லை.

மே மாதத்தில் நிழல் அரிது, காலையிலேயே செல்க. முழங்கால் வலியுள்ளோர் மதிலேற வேண்டா. கஸ்பா கணபதி அருகிலேயே இருக்கிறார். அவர்கள் அங்கே அமர்ந்திருக்கலாம்.