ஊரைக் கேட்டார்களா?

2025ஆம் ஆண்டு பிறந்த முதல் நாள்களிலேயே, ஊராட்சிகளை அருகிலுள்ள நகராட்சிகளோடும் மாநகராட்சிகளோடும் இணைக்கும் தமிழக அரசின் அறிவிப்புகள் வெளியாயின. புதிதாக 13 நகராட்சிகளும் 25 பேரூராட்சிகளும் உருவாகும் என்றும் சொல்லப்பட்டது. அதன்பின் பல வாரங்கள், மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசல்களில் மனுக்களோடு மக்கள், குறிப்பாகப் பெண்கள், திரண்டு நின்றதைச் செய்திகளில் பார்த்தோம். நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறிவிடும் என்பதே எல்லா ஊர்களின் குரலாகவும் இருந்தது.

நகரத்தோடு சேர்ந்தால் நல்லதுதானே, சாலையும் குழாயும் தெருவிளக்கும் வருமே என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. நிலம் வைத்திருப்பவருக்கு அது பெரும்பாலும் உண்மைதான். நேற்றுவரை குழிக் கணக்கில் பேசிய நிலம் சதுர அடிக் கணக்குக்கு மாறிவிடுகிறது. ஆனால் அந்த நிலத்தில் நாற்று நட்டவருக்கு என்ன மாறுகிறது? 2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம் ஊரகத்துக்கு மட்டுமே உரியது. அதற்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய, 125 நாள் வேலை என்று சொல்லும் புதிய சட்டமும் அப்படியே. ஊர் நகரமானால் அவர் கையிலிருக்கும் வேலை அட்டை வெறும் அட்டைதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் திருவள்ளூர் உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். அதாவது, இணைப்பு வேண்டுமா வேண்டாமா என்று ஊர் சார்பில் பேசவேண்டிய நேரத்தில், ஊர் தேர்ந்தெடுத்த ஆள் நாற்காலியில் இல்லை. இது தற்செயலாகவே இருக்கலாம். ஆனாலும் மக்களுக்கு அது எப்படித் தோன்றியிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

திருத்தணியில் வாழும் நமக்கு எல்லைகள் பற்றிய நினைவு கொஞ்சம் அதிகம். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து திருத்தணியும் அங்கே போயிற்று. மங்கலங்கிழார் போன்ற தமிழாசிரியர்களும் ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகத்தாரும் நடத்திய போராட்டங்களை, சிறை சென்றவர்களை, நம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். பின்னர் எச். வி. படாஸ்கர் நடுவராக அமர்ந்தார். ஒரு மாவட்டம், ஒரு வட்டம் என்று மொத்தமாகப் பிரிக்காமல், கிராமத்தையே அலகாகக் கொள்வது என்று முடிவாயிற்று. அந்தந்தக் கிராமத்தில் எந்த மொழி பேசுவோர் மிகுதி, அது எந்தப் பக்கத்தோடு தொடர்ச்சியாக அமைந்துள்ளது என்று பார்த்தார்கள். 1959இல் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. யாரும் வீடு வீடாக வாக்கெடுக்கவில்லை. இரு புறமும் மனக்குறை இருந்தது. தெலுங்கு பேசும் நம் அயலாருக்கும் அதில் சொல்ல ஒரு கதை உண்டு. என்றாலும் ஊர் என்ற ஒன்று இருக்கிறது, அதற்கென ஓர் இயல்பு இருக்கிறது என்று அந்த ஏற்பாடு ஒப்புக்கொண்டது.

மாநில எல்லைக்கு இப்படி ஊர் ஊராகக் கணக்குப் பார்த்த நாட்டில், நகரத்தின் எல்லை வேறு விதமாகவே நகர்ந்து வந்திருக்கிறது. திருத்தணியில் மின்சார ரயில் ஏறிச் சென்னைக்குப் போகிறவர்கள் ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர், வில்லிவாக்கம் என்று பெயர்ப் பலகைகளைக் கடக்கிறோம். ஒவ்வொன்றும் ஏரியும் வயலுமாக இருந்த ஊர். இவற்றுக்கெல்லாம் முன்பே இந்த வழியில் போன ஊர் மாம்பலம்.

செங்கல்பட்டு மாவட்டத்தின் சைதாப்பேட்டை வட்டத்தைச் சேர்ந்த கிராமம் அது. அதன் கிழக்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்டு கிடந்தது ஒரு பெரிய ஏரி. 'லாங் டேங்க்' என்று வெள்ளையர் எழுதினார்கள். பட்டணத்தில் இடம் போதவில்லை. 1920இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923 தொடங்கி ஏரி நீரை வடித்து, படுகையைத் தூர்த்து, மனை பிரித்தார்கள். அதுவே தியாகராய நகர். நீதிக்கட்சித் தலைவர்கள் பலர் தெருக்களிலும் பூங்காக்களிலும் இடம்பெற்றார்கள்: தியாகராயர், பனகல் அரசர், டாக்டர் நாயர், உஸ்மான், நடேசனார். ஏரிக்கு மட்டும் அங்கே இடமில்லை. ரயில் பாதைக்கு மேற்கே, மேற்கு மாம்பலத்தில், 'லேக் வியூ ரோடு' என்று ஒரு சாலை இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் எந்த ஏரியும் தெரியாது. கிழக்கே திட்டமிட்ட நகர் எழும்ப, மேற்கே எஞ்சிய பழைய ஊர் நெடுங்காலம் கொசுவுக்கும் யானைக்கால் நோய்க்கும் பேர்போனதாக இருந்தது. தூர்த்த ஏரியைத் தண்ணீர் மறக்கவில்லை. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர்த் தெருக்களில் நாள்கணக்கில் வெள்ளம் நின்றது.

அது ஆங்கிலேயர் காலம் என்று விட்டுவிடலாமா? 2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் ஒரே மூச்சில் அதற்குள் போயின. நீலாங்கரை, செம்மஞ்சேரி, முகலிவாக்கம் எல்லாம் அந்த 25இல் உண்டு. ஊராட்சித் தலைவர் போய் வார்டு உறுப்பினர் வந்தார். அவராவது நிலைத்தாரா? 2016இல் மாமன்றத்தின் காலம் முடிந்தபின் அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக, குழாயில் தண்ணீர் வராவிட்டால் போய்க் கேட்க உறுப்பினரே இல்லை. நகரங்களிலும் பகுதி சபை என்று 2022இல் தொடங்கியிருப்பது நல்ல செய்தியே. ஆனால் கிராம சபையில் எழுந்து கேள்வி கேட்டுப் பழகிய ஒரு மூதாட்டி, அங்கேயும் அதே உரிமையோடு பேசுவாரா என்பது எங்களுக்கு ஐயமாகவே இருக்கிறது.

நகரம் நம் பக்கமும் வந்துகொண்டிருக்கிறது. சென்னைப் பெருநகரப் பகுதி 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக, ராணிப்பேட்டை மாவட்டத்தின் ஒரு பகுதிவரை விரிவாக்கப்பட்டது. பள்ளிப்பட்டுப் பக்கமாக ஓடிவரும் நம் கொசஸ்தலை ஆறோ 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டிய நாளிலிருந்தே சென்னைக்குக் குடிநீர் கொடுக்கிறது.

ஆண்டுக்கு ஆறு முறை கூடவேண்டிய கிராம சபைக்கு மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளும் ஒரு நாள். அன்று நம் ஊர் ஏரியின் சர்வே எண் என்ன, பரப்பு எவ்வளவு, வரத்துக் கால்வாய் எங்கே தொடங்குகிறது, மேய்ச்சல் புறம்போக்கும் களமும் சுடுகாடும் கல்லறை நிலமும் எவ்வளவு என்று வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லிக் கேட்கலாம். அதற்குச் செலவு ஏதும் இல்லை. இணைப்பு ஆணை வந்தபின் அந்தப் புத்தகம் எந்த அலுவலக அலமாரிக்குப் போகும் என்று தெரியாது. ஆகவே ஒரு நகலையும் கேட்டு வாங்கி ஊரில் வைத்துக்கொள்வது நல்லது.