தொட்டியில் ஒரு மரம்: ஆறாண்டுப் பாடம்



'நான் ஒரு மரம்' என்று தன்கதை எழுதச் சொல்கிறோம். மரம் வளர்த்தறியாத பிள்ளை, மனனம் செய்த வரிகளையே எழுதித் தருகிறது. துளிர், அரும்பு, பூ, பிஞ்சு, காய், கனி என ஒவ்வொரு பருவத்திற்கும் தமிழில் சொல் உண்டு. அவை பிள்ளைகளுக்குச் சொற்பட்டியலாகவே நின்றுவிடுகின்றன. அறிவியல் பாடத்தில் ஈரப் பஞ்சில் முளைக்க வைக்கும் பயறும் ஒரு வாரத்தில் குப்பைக்குப் போய்விடுகிறது.

முதலாம் ஆண்டில் பள்ளிக்கு வரும் பிள்ளை, ஆறாம் ஆண்டு முடியும்வரை தன் கையால் ஒரு பழமரத்தை வளர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

"அடுக்குமாடி வீட்டில் மரத்திற்கு இடமேது?" என்று கேட்பீர்கள். சீனப் புத்தாண்டின்போது ஜோர்ஜ் டவுன் கடை வாசல்களைப் பாருங்கள். சிறு ஆரஞ்சு மரங்கள் தொட்டியிலேயே காய்த்துக் குலுங்குகின்றன. வேர் பரவும் இடம் குறைந்தால் மரமும் குள்ளமாகும். கிளைகளை அவ்வப்போது நறுக்கிவிட்டால் ஆள் உயரத்திற்குள் அடங்கும்.

தொடக்கத்திற்கு லீமாவ் கஸ்தூரி ஏற்றது. விதையிலிருந்து வளர்த்தால் காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். பதியன் கன்று விரைவில் காய்க்கும். ஒன்றரை அடி அகலத் தொட்டி, நீர் வடியத் துளைகள், மட்கிய உரம் கலந்த மண், நாள்தோறும் ஐந்தாறு மணிநேர வெயில் ஆகியவை வேண்டும். இலையைத் தின்னும் புழுவைக் கண்டதும் மருந்தடிக்காதீர்கள். முதலில் பறவை எச்சம் போலவும் பின்னர்ப் பச்சையாகவும் தோன்றும் அப்புழு, வண்ணத்துப்பூச்சியாகும் நாளைப் பிள்ளை காணட்டும்.

டிங்கி அச்சம் நியாயமானதே. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் வளர்ந்துவிடும். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், வீட்டில் கொசுப்புழு இருந்தாலே தண்டம் விதிக்கலாம். ஆகவே தொட்டியின் அடியில் தட்டு வைக்காதீர்கள். வைத்தே ஆகவேண்டுமெனில், வாரந்தோறும் நீரைக் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டைகள் ஓரங்களில் ஒட்டியிருக்கும். மாடி விளிம்பில் தொட்டியை ஏற்றாமலும், பொது நடைவழியை அடைக்காமலும் பார்த்துக்கொள்வது பெற்றோர் கடமை.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. ஆயினும் "இது தேர்வுக்கு வருமா?" என்று கேட்கும் பழக்கம் நம்மை விடவில்லை. அரும்பு விட்ட நாளையும் பிஞ்சு உதிர்ந்த நாளையும் பிள்ளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வரட்டும். அதன்பின் 'நான் ஒரு மரம்' எழுதச் சொல்லுங்கள். வேறுபாட்டை நீங்களே காண்பீர்கள்.