நிறத்திற்கும் இடமதிப்பு உண்டு

கடந்த ஆண்டு எங்கள் கழகத்தின் கட்டுரைப் போட்டிக்காக ஓர் இணையப் பக்கம் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கணினி அறிவியல் மாணவன் என்பதால் மறுக்க முடியவில்லை. இரண்டு இரவு கண்விழித்துப் பக்கத்தை முடித்தேன். வெள்ளைப் பின்னணி, அதன்மேல் மெல்லிய சாம்பல் நிற எழுத்து. பார்ப்பதற்கு நாகரிகமாகவே இருந்தது. விடுமுறையில் வீடு திரும்பியபோது அம்மாவிடம் பெருமையோடு கைப்பேசியை நீட்டினேன். அருகில் வைத்துப் பார்த்தார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார். சன்னல் பக்கம் திரும்பியும் பார்த்தார்.

"எழுத்தே தெரியலையேப்பா" என்றார்.

அம்மா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். அவர் தங்குதடையின்றிப் படிக்கக்கூடிய ஒரே மொழி தமிழ்தான். தமிழுக்காக நான் செய்த பக்கத்தைத் தமிழ் மட்டுமே படிப்பவரால் படிக்க முடியவில்லை! பிழை அவர் கண்ணில் இல்லை. நான் எழுதிய ஆறு இலக்கங்களில் இருந்தது.

அந்த ஆறு இலக்கங்கள் 999999. வேறொரு பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டியவை. நிறத்தைக் கொஞ்சம் கருமையாக்கலாம் என்று கடைசி 9-ஐ 0 ஆக்கினேன். 999990. எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. மூன்றாம் ஆண்டு மாணவன், கணினி அறிவியல் படிப்பவன், ஒரு சாம்பல் நிறத்தைக் கருமையாக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். தேர்வில் இதே பாடத்திற்கு நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன் என்பதையும் இங்கே வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

நம்மில் பலரது நிலை இதுதான் என்று நினைக்கிறேன். பக்கம் வடிவமைக்கிறோம், சுவரொட்டி தயாரிக்கிறோம், நிற எண்களை ஒட்டுகிறோம். அந்த எண் என்ன சொல்கிறது என்று கேட்பதில்லை. அதற்கு உயர்ந்த கணிதம் தேவையா? இல்லவே இல்லை. தமிழ்ப்பள்ளியில் நாம் படித்த இடமதிப்பே போதும். இதை எனக்குப் புரிய வைத்தவன் ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் தம்பி.

அன்று மாலை அவன் கணிதப் பயிற்சி செய்துகொண்டிருந்தான். 453 என்ற எண்ணில் 5-இன் இடமதிப்பு பத்து, இலக்க மதிப்பு ஐம்பது என்று எழுதிக்கொண்டிருந்தான். விளையாட்டாக அவனிடம் என் 999999-ஐக் காட்டி விளக்கத் தொடங்கினேன். "தம்பி, திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று விளக்குகள். சிவப்பு, பச்சை, நீலம். இந்த ஆறு இலக்கங்களை இரண்டிரண்டாகப் பிரி. முதல் இரண்டு சிவப்புக்கு, அடுத்த இரண்டு பச்சைக்கு, கடைசி இரண்டு நீலத்திற்கு. ஒவ்வொரு விளக்கையும் 0 முதல் 255 வரை ஏற்றலாம்."

"99-ன்னா தொண்ணூற்று ஒன்பதாண்ணே?"

"இல்லை. இங்கே ஒன்று, பத்து என்று இடங்கள் போகவில்லை. ஒன்று, பதினாறு என்று போகின்றன. ஒன்பது பதினாறு 144, அதோடு ஒன்பது. மொத்தம் 153."

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்படின்னா நீங்க கடைசி இலக்கத்தை மாத்தினா நீலத்துல ஒன்பதுதானே குறையும்?"

அவ்வளவுதான். என் சிக்கல் அவிழ்ந்துவிட்டது. நான் ஆறு இலக்கங்களையும் ஒரே எண்ணாக நினைத்திருந்தேன். அதுவும் நீலத்தின் ஒன்று இடத்தில் போய்க் கைவைத்திருந்தேன். கருமை வேண்டுமென்றால் மூன்று நிறங்களிலும் பதினாறு இடத்தில் இருக்கும் இலக்கத்தைக் குறைக்க வேண்டும். இதைப் பத்து வயதுப் பிள்ளை சொல்ல வேண்டியிருந்தது!

ஏன் பதினாறு என்று கேட்கலாம். கணினியின் ஒரு பைட்டில் 256 மதிப்புகள் அடங்கும். பதினாறைப் பதினாறால் பெருக்கினால் 256. ஆகவே, பதினறும முறையில் இரண்டே இலக்கத்தில் ஒரு பைட் மிச்சம் மீதியின்றி அடங்கிவிடுகிறது. மூன்று விளக்குகளுக்கும் சேர்த்து 1 கோடியே 67 இலட்சத்து 77 ஆயிரத்து 216 நிறங்களை ஆறு இலக்கங்களில் எழுதிவிடலாம். பத்து முதல் பதினைந்து வரை ஒற்றை இலக்கம் இல்லாததால் ஏ, பி, சி, டி, இ, எஃப் என்ற ஆங்கில எழுத்துகளை இரவல் வாங்கியிருக்கிறார்கள். பத்துக்கு ஒரே குறி வைப்பது நமக்குப் புதிதன்று. பழந்தமிழ் எண்களில் ௰ என்ற ஒற்றைக் குறியே பத்து. பயன்படுத்தும் முறை வேறு என்றாலும், 'பத்துக்கு எப்படி ஒரே எழுத்து?' என்று நம் பிள்ளைகள் மிரள வேண்டியதில்லை.

பதினாறும் நமக்கு அந்நியமன்று. என் பாட்டி சந்தையில் இன்னமும் காத்திக் கணக்கில்தான் பேசுவார். ஒரு காத்திக்குப் பதினாறு தாஹில். இரண்டு காத்தி ஐந்து தாஹில் என்றால் மொத்தம் 37 தாஹில். பதினறும முறையில் 25 என்று எழுதினால் அதன் மதிப்பும் அதே 37. பாட்டிக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால், இந்தக் கணக்கை அவர் மனத்திலேயே போட்டுவிடுவார்.

ஐந்தாம் படிவத்தில் 2, 5, 8 ஆகிய அடிமானங்களை மலாய் மொழியில் படித்தேன். பல்கலைக்கழகத்தில் பதினாறை ஆங்கிலத்தில் படித்தேன். இரண்டையும் மனனம் செய்து தேர்வு எழுதினேன். தம்பிக்குத் தமிழில் சொன்ன அந்தப் பத்து நிமிடத்தில்தான் அது என்னுடைய அறிவாயிற்று. மலாயையோ ஆங்கிலத்தையோ நான் குறை சொல்லவில்லை. அவையில்லாமல் நமக்கு மேற்படிப்பு இல்லை. ஆனால், 'கணினியைத் தமிழில் சொல்ல முடியாது' என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் நாம் சொல்லிப் பார்த்ததே இல்லை என்பதுதான் உண்மை.

'நிறத்தைத் தேர்ந்தெடுக்கத்தான் கருவிகள் இருக்கின்றனவே, செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே, இதெல்லாம் எதற்கு?' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சிஎஸ்எஸ் மொழியில் 153, 153, 153 என்று பத்தடிமானத்திலும் நிறத்தை எழுதலாம். பதினறுமம் ஒன்றே வழி என்று நான் வாதிடவில்லை. ஆனால், கருவி தருவது நிறத்தை மட்டுமே. அது யார் கண்ணுக்கு எட்டும் என்று பார்ப்பது நம் வேலை.

அதற்கும் அளவுகோல் இருக்கிறது. உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2008-ஆம் ஆண்டு வெளியிட்ட இணைய அணுகல் வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பு, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது. வெள்ளையின்மேல் என் 999999 மூன்றைக்கூட எட்டவில்லை. 777777 ஏறக்குறைய 4.48, மயிரிழையில் தோற்கிறது. 767676 ஏறக்குறைய 4.54, தேறிவிடுகிறது. ஒவ்வொரு விளக்கிலும் ஒரே ஒரு படி குறைந்ததால் வந்த வேறுபாடு இது. இலக்கங்களின் பொருள் தெரிந்தவருக்கு இது ஒரு நொடி வேலை. தெரியாதவர் என்னைப் போல் கடைசி 9-ஐ மாற்றிவிட்டுத் திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கழகத்தாருக்கு என் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, நம் பெயரில் வெளிவரும் ஒவ்வொரு பக்கத்தையும் சுவரொட்டியையும் வெளியிடுமுன் இந்த அளவுகோலில் சோதித்துப் பார்ப்போம். நம் வாசகர்களில் நம் பெற்றோரும் உண்டு. இரண்டாவது, தமிழ்ப்பள்ளிகளுக்கு நாம் நடத்தும் பட்டறைகளில் நிற எண்ணுக்கு அரை மணி நேரம் ஒதுக்குவோம். இடமதிப்பு தெரிந்த பிள்ளைக்கு அது போதும். தமிழிலேயே சொல்வோம். பிள்ளைகளுக்குப் புரிகிறதோ இல்லையோ, முதலில் நமக்குப் புரியும்!

என் பக்கத்தின் எழுத்து இப்போது 555555. வேறுபாடு 7-க்கு மேல். மாற்றிய அன்றே அம்மாவிடம் மீண்டும் காட்டினேன். கைப்பேசியைக் கைக்கெட்டும் தூரத்தில் பிடித்தபடியே முழுவதும் படித்து முடித்தார்.

"இப்ப நல்லா தெரியுதுப்பா. மூணாவது வரியில ஒரு 'ப்' விட்டுட்ட" என்றார்.